பொழிக்கரையில் ஒரு கேள்வி

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழையும் பயணி, ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்திற்கு வந்துவிட்டதைக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. எழுத்து மாறிவிடுகிறது, பேச்சு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்திற்குள் கலந்து வாழும் ஊர்கள் அவை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் தரப்பில் கோரப்பட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அவ்வாறு விழுந்த எல்லைக்கோடு மேற்கே கடற்கரையில் சென்று முடிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் குமரி மாவட்டத்து நீரோடி. அந்தப் பக்கம் பொழியூர். அதற்கும் சற்று வடக்கே பூவாறு.

அகத்தியமலைத் தொடரில் தோன்றும் நெய்யாறு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் அரபிக்கடலைச் சேர்கிறது. பகைவருக்கு அஞ்சி மறைந்து திரிந்த இளவரசர் மார்த்தாண்ட வர்மா, நீரில் பூக்கள் மிதந்து வருவதைக் கண்டு இதைப் பூவாறு என்று அழைத்ததாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரமான 'அம்மச்சிப் பிலாவு' நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் போற்றப்படுகிறது. இன்று பூவாற்றுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வரலாற்றுக்காக வருவதில்லை. படகேறி, கண்டல் மரங்களும் தென்னைகளும் சூழ்ந்த காயல் வழியே சென்று, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இறங்குகிறார்கள். ஒரு பக்கம் அசையாத நன்னீர். இருபது முப்பது அடி தள்ளி மறுபக்கம் ஆரவாரிக்கும் கடல். பார்த்தவர் எவரும் எளிதில் மறக்க முடியாத இடம்தான்.

இந்த மணல் திட்டையும், அதை அறுத்துக்கொண்டு ஆறு கடலுக்குள் இறங்கும் வாயையும் சேர்த்து அப்பகுதி மக்கள் 'பொழி' என்கிறார்கள். பொழியூர் என்ற பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது.

இரண்டாம் முறை பூவாற்றுக்குச் செல்பவர்களிடம் ஒரு குறைபாடு கேட்கலாம். சென்ற முறை நின்று படம் எடுத்துக்கொண்ட இடம் இப்போது இல்லை. திட்டு குறுகியிருக்கிறது, அல்லது வாய் வேறிடத்தில் திறந்திருக்கிறது. நாங்கள் சென்றபோது உடன் வந்த ஒரு பெரியவர் இதைச் சற்று வருத்தத்துடனேயே படகோட்டியிடம் கேட்டார். "பொழி ஒருக்காலும் ஓரிடத்துல நிக்காது சாரே" என்று சொல்லிவிட்டு அவர் துடுப்பைப் போட்டார். அந்த மறுமொழியில் வருத்தமும் இல்லை, வியப்பும் இல்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஒரு பொருளைக் காப்பது என்றால் அதை இருந்தபடியே நிற்கவைப்பது என்றுதான் நாம் நினைத்து வந்திருக்கிறோம். நிற்கவைத்தால் அழிந்துபோகும் பொருளை எப்படிக் காப்பது? பொழிக்கரை நம் முன் வைக்கும் கேள்வி இது. இதற்குள்ளேயே இன்னும் கடினமான மற்றொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

கல்லும் மணலும்

இதே நெய்யாற்றின் கரையில், நெய்யாற்றின்கரை நகரிலிருந்து சிறிது தொலைவில், அருவிப்புறம் இருக்கிறது. 1888-இல் ஸ்ரீநாராயண குரு ஆற்றில் மூழ்கி எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்த இடம். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள் தாங்களே ஒரு கோயில் காண முடியும் என்று அந்தச் செயல் காட்டியது. கேரளத்தின் சமூக வரலாறு அங்கே திரும்பிற்று என்று சொல்வது மிகையாகாது. அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. நிற்பது, நிலைத்திருப்பது, தலைமுறைகளைத் தாங்குவது கல்லின் பெருமை.

கல்லின் கதை மலையிலும் முடிவதில்லை, ஆற்றிலும் முடிவதில்லை. மழையில் சிதைந்து, வெள்ளத்தில் உருண்டு, தேய்ந்து, பொடியாகி அது ஆற்றோடு கீழே இறங்குகிறது. பூவாற்றில் நம் காலடியில் கிடப்பதன் ஒரு பகுதி அகத்தியமலைத் தொடரின் பாறைதான். மறு பகுதி கடல் கொண்டுவந்து சேர்த்தது. மேலே வழிபடுவதற்குரியதாகத் தோன்றும் பொருள் கீழே வந்ததும் கால் துடைக்கும் பொருளாகிவிடுகிறது. மதிப்பு பொருளில் இல்லை, அது அசையாமல் நிற்பதில் இருக்கிறது என்று நம் மனம் எங்கோ முடிவு செய்துவிட்டது.

மணலின் தொழில் வேறு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அலைகள் உயர்ந்து கரையைத் தின்கின்றன. அகன்றிருந்த கடற்கரை சில நாட்களில் சரிந்து மறைகிறது. முதலில் காண்பவருக்கு இது பேரழிவாகத் தோன்றும். உண்மையில் அந்த மணலில் பெரும்பகுதி அழிவதில்லை. சற்றே கடலுக்குள் சென்று நீருக்கடியில் மேடாகப் படிகிறது. பின்னால் வரும் பெரிய அலைகள் அந்த மேட்டில் மோதி உடைந்து, வலிமை குன்றித்தான் கரைக்கு வந்து சேர்கின்றன. கரை தன்னையே கொடுத்துத் தனக்குக் கேடயம் செய்துகொள்கிறது. மழைக்காலம் ஓய்ந்ததும், சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிக் கொணர்ந்து சேர்க்கின்றன. ஆற்றில் வெள்ளம் மிகும்போது பொழி உடைந்து நீருக்கு வழிவிடுகிறது. உடையாமல் அடம்பிடித்தால் காயலோரத் தாழ்நிலங்களில் நீர் ஏறிவிடும் என்பதால், அக்கரைகளில் வாழ்பவர்கள் பொழியை வெட்டித் திறந்துவிடுவதும் உண்டு. கோடையில் ஆறு மெலியும்போது கடல் அதை மறுபடி மூடுகிறது.

ஆகவே இந்தத் திட்டைக் கெட்டிப்படுத்தி நிறுத்த முயன்றால் அது பொழியாக இராது. அது தரும் பாதுகாப்பு, அது விட்டுக்கொடுப்பதிலிருந்து வருவது. விட்டுக்கொடுத்தலைத் தோல்வி என்றே பழகிய நமக்கு இது புரிவது சற்றுச் சிரமம்.

மணல் வந்துகொண்டே இருந்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். 1958-இல் நெய்யாற்றில் அணை எழுந்தது. பாசனத்துக்கு அது தேவைதான். அதனால் பயன் பெற்ற வயல்களைக் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் எந்த அணையும் நீரைத் தேக்கும்போது வண்டலையும் சேர்த்தே தேக்குகிறது. அதற்குக் கீழே ஆற்றுப்படுகையிலிருந்து வீடு கட்ட அள்ளப்பட்ட மணலும் கடலுக்குச் சென்றிருக்க வேண்டியதே. கடற்கரையின் வறுமை பெரும்பாலும் மலையடிவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அயலான் கரை

மணல் கடலுக்கும் கரைக்கும் இடையில் மட்டும் போய்வருவதில்லை. கரையை ஒட்டி, ஒரு பருவத்தில் தெற்காகவும் மற்றொரு பருவத்தில் வடக்காகவும் ஊர் ஊராக நடக்கிறது. ஓர் ஊரின் மணல் என்று ஒன்று கிடையாது. இன்று நம் கரையில் தங்கியிருப்பது நேற்று அயலூரில் இருந்தது; நாளை மற்றொரு அயலூருக்குப் போகும்.

இந்த நடையை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று வெகு தொலைவில், அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக் கடற்கரையில் கிடைக்கிறது. நம் பொழியைப் போன்றதே, ஆனால் பல மைல் நீளமுள்ள மணல் தடுப்பு அது. 1933 ஆகஸ்டில் வீசிய புயல் அதை ஓரிடத்தில் அறுத்தது. வடக்கே ஓஷன் சிட்டி என்னும் ஊர். தெற்கே அசட்டீக் தீவு. அறுபட்ட வாய் மீன்பிடி படகுகளுக்கு நல்ல வழியாக அமைந்தது. அது மூடிவிடக் கூடாது என்று இருபுறமும் கருங்கல் அணைகள் கட்டினார்கள். எவருக்கும் தீங்கு செய்யும் எண்ணம் அதில் இல்லை. தெற்கு நோக்கி நடந்த மணல் அணையில் தங்கி ஓஷன் சிட்டியின் கரை அகன்றது. அசட்டீக்கின் வடமுனை மணலின்றி மெலிந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் நிலப்பக்கமாக ஒதுங்கியது. அத்தீவைப் பல்லாயிரம் மனைகளாகக் கூறுபோட்டு விற்கும் திட்டமும் இருந்தது. 1962 மார்ச்சில் வந்த பெரும்புயல் சாலையையும் கட்டப்பட்டிருந்த வீடுகளையும் வாரிச் சென்றபின் அந்த ஆசை அடங்கிற்று. 1965-இல் அத்தீவு தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது; ஒரு பகுதி மாநிலப் பூங்காவாக இருக்கிறது. காட்டுக்குதிரைகள் அலையும் அந்த மணற்கரைக்கு இன்று மக்கள் விரும்பிச் செல்கிறார்கள்.

இதில் நம் கவனத்துக்குரிய பகுதி இனிமேல்தான் வருகிறது. தங்கள் அணையால் அயலவர் கரை இழந்தது கணக்கிடப்பட்டது. 2004 முதல், வாயருகே தேங்கும் மணலைத் தூர்வாரும் கப்பலில் அள்ளி, ஆண்டுக்கு இருமுறை அசட்டீக்கின் வடமுனைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டி வருகிறார்கள். கடல் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை மனிதர்கள் பொருள் செலவிட்டுச் செய்கிறார்கள். எடுத்ததைத் திருப்பித் தருவது என்னும் பழைய அறம், இயந்திரத்தின் உருவில்.

நம் கரைக்குத் திரும்புவோம். நீரோடி முதல் கன்னியாகுமரி வரையிலும், எல்லைக்கு வடக்கேயும், கடலரிப்பைத் தடுக்கக் கற்சுவர்களும், கடலுக்குள் நீளும் கல் அணைகளும் பல இடங்களில் போடப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் இவ்வணைகளைத் தூண்டில் வளைவு என்பார்கள், கேரளத்தில் புலிமுட்டு. தூண்டில் வளைவு போட்ட ஊரில் ஒரு பக்கம் மணல் சேர்கிறது. மறுபக்கத்து ஊரில் மணல் குறைகிறது. அந்த ஊரார் தங்களுக்கும் வளைவு வேண்டும் என்று கேட்கிறார்கள். கிடைத்ததும் அதற்கடுத்த ஊர் கேட்கிறது. கற்சுவரில் மோதும் அலை திரும்பும்போது சுவரின் காலடி மணலையும் பறித்துச் செல்வதால், சில ஆண்டுகளில் சுவரும் சரிகிறது. மறுபடி கல் லாரிகள் வருகின்றன. மலை உடைக்கப்பட்டுக் கடலில் போடப்படுகிறது. ஆறு ஆயிரமாயிரம் ஆண்டுகளில் செய்ததை நாம் அவசரமாகச் செய்கிறோம் போலும்!

வடக்கே விழிஞ்ஞத்தில் 2015 இறுதியில் பெருந்துறைமுகப் பணி தொடங்கியது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருடன் எழுந்த அத்துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடையில், 2022-இல், தங்கள் கரை அரிக்கப்படுவதற்கு அக்கட்டுமானமே காரணம் என்று கூறி மீனவ மக்கள் நூறு நாட்களுக்கும் மேலாகப் போராடினார்கள். காரணம் அதுவல்ல என்று துறைமுகத் தரப்பு மறுத்தது. புயல்கள், கடல்மட்ட உயர்வு, ஆற்று மணல் குறைவு, பழைய சுவர்கள் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கும்போது, குற்றத்தை ஒரு தலையில் மட்டும் ஏற்றுவது எளிதன்று. ஆயினும், காரணம் பலவாக இருப்பதாலேயே ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுமா? நூறு பேர் ஆளுக்கொரு கை மண் எடுத்தால் குழி விழாமல் இருந்துவிடுமா?

அகிம்சையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கையால் செய்யும் இம்சையையே எண்ணுகிறோம். கை தொடாத இம்சை ஒன்று இருக்கிறது. என் வீட்டைக் காக்க நான் போட்ட சுவர், நான் ஒருநாளும் பார்த்திராத மனிதரின் வீட்டை இடிக்கிறது. அவரிடம் எனக்குப் பகை இல்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது. தற்காப்பில் பாவமில்லை என்று அறநூல்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும். ஆனால், தாக்கவந்தவனைத் தடுப்பது வேறு. வந்த துன்பத்தை அயலான் வாசலுக்குத் திருப்பிவிடுவது தற்காப்பு என்னும் சொல்லுக்குள் அடங்குமா? அடங்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. குறைந்தது, அவனிடம் சொல்லாமல் செய்வதையாவது அது அனுமதிக்காது.

யாருக்கு உபதேசம்?

முன்னர் ஒளிந்திருப்பதாகச் சொன்ன கேள்வி இதுதான். மணல் நகர்வது அதன் இயல்பு, அதை நகரவிடுங்கள் என்று சொல்வது அழகாக இருக்கிறது. நிலையாமையைப் பற்றி நாம் படித்தவையெல்லாம் அதற்கு ஒத்துப்போகின்றன. பொழிக்கரையில் அரைமணி நேரம் நின்றவனுக்கு அந்த ஞானம் வந்துவிடுவதும் உண்டு. மாலையில் அவன் தன் கான்கிரீட் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். பொழியூரில் கடல் வீட்டுச் சுவரைத் தட்டும்போது குழந்தைகளை எழுப்பிக்கொண்டு பள்ளிக்கூட முகாமுக்குப் போகும் தாயிடம், எதுவும் நிலையில்லை அம்மா என்று யார் சொல்வது?

வைராக்கியம் என்பது ஒருவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. அடுத்தவரின் இழப்பைப் பார்த்து அவருக்கு அதை எடுத்துச் சொன்னால், அது தத்துவத்தின் மொழியில் சொல்லப்பட்ட கொடுமை. நம் ஆன்மிகப் பேச்சில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது என்பதால் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். மணல் முனையில் இருந்த அவ்வூரை 1964 டிசம்பர் 22–23 இரவில் புயல் விழுங்கியது. வாழத் தகுதியற்ற இடம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டபோதும், மீனவர்கள் சிலர் குடிசை போட்டு அங்கேயே தொழில் செய்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. இன்று இடிந்த தேவாலயத்தின் முன் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு ஊர் போன இடம், மற்றவருக்குக் காட்சி. பார்க்கப் போவதே குற்றம் என்று சொல்லவில்லை. பார்ப்பவன் தான் எதைப் பார்க்கிறோம் என்று அறிந்திருப்பது நல்லது.

கேரள அரசு 'புனர்கேஹம்' என்னும் திட்டத்தில், கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் விலகிச் சென்று நிலம் வாங்கி வீடு கட்ட 10 லட்சம் ரூபாய் தர முன்வந்தது. மணலுக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுக்கும் அறிவு இதில் இருக்கிறது. ஆனால் கடலோடிகளுக்கு வீடு என்பது நாலு சுவர் மட்டும் அன்று. முற்றத்தில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து இன்று இறங்கலாமா என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள். வள்ளமும் வலையும் கண்பார்வையில் இருக்க வேண்டும். அதே தொகைக்கு உள்நாட்டில் நிலம் கிடைப்பதும் எளிதன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய எல்லையோர ஊர்களிலிருந்து எத்தனையோ பேரைக் கடலிலேயே கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் அவ்வூர் மக்கள் கடலை விட்டுப் போகவில்லை. அது அறியாமையால் அன்று.

ஆகவே கல்லே போடக் கூடாது என்பது நம் முடிவாக இருக்க முடியாது. இடியும் வீட்டின் முன் கல் போடத்தான் வேண்டும். போடும்போதே, அந்தக் கல் யாருடைய மணலை நிறுத்துகிறது, அவருக்கு நாம் என்ன தரப்போகிறோம் என்ற கணக்கும் எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கில் விடுதிகளும் துறைமுகங்களும் படகில் சுற்றிவரும் நாமும் இடம்பெற வேண்டும். கரையில் வாழ்பவர் மட்டுமே விலை கொடுப்பது முறையன்று. இங்கோ கணக்கேடு எல்லைக்கோட்டில் மூடப்பட்டுவிடுகிறது. நீரோடியில் ஒரு அரசு திட்டமிடுகிறது. பொழியூரில் வேறொரு அரசு. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004-இல் நின்றுபோனது; 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் சென்றது. நீருக்கு மதகு உண்டு, அடைக்கலாம், திறக்கலாம், வழக்காடலாம். கரையோரம் நடக்கும் மணலுக்கு மதகும் இல்லை, வழக்கும் இல்லை. அது இரண்டு அரசுகளையும் கேட்காமல் எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறது. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கேட்காமல் அதை மறிக்கின்றன.

பூவாற்றுக்குச் செல்பவர்கள் படகுத்துறைக்குத் திரும்பியதும் உடனே ஊர் திரும்பிவிடாமல், தெற்கே பொழியூர் வரை ஒருமுறை போய்வரலாம். காண்பதற்கென்று அங்கே ஒன்றும் வைக்கப்படவில்லை. கற்குவியல், பாதி நிற்கும் ஒரு சுவர், மேடான இடத்துக்கு இழுத்து ஏற்றிய வள்ளங்கள் இருக்கும். அந்தக் கற்கள்மேல் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம், இங்கிருந்த மணல் எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தெற்கே கை காட்டுவார்கள், சிலர் வடக்கே. அது நீங்கள் எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.